சர்வரை உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்

“ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, சரியாயிடும்.” இந்த வாக்கியத்தை நம் அலுவலகங்களில் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. ஆடிட்டர் அலுவலகம், திருப்பூர் பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவு, மருந்து மொத்த வியாபாரக் கடை என எங்கே போனாலும் இன்று ஏற்பாடு ஒன்றுதான். டேலியோ வேறு பில்லிங் மென்பொருளோ ஒரே சர்வரில் ஓடும். ஊழியர்கள் தங்கள் மேசையிலிருந்தும் கிளை அலுவலகத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பார்கள். ஒரு நாள் மதியம் எல்லாருடைய திரையும் ஒன்றாக உறைந்துபோகும். சர்வீஸ் எஞ்சினியருக்கு போன் போகும். அவர் அந்த வாக்கியத்தைச் சொல்வார். யாராவது சர்வர் அறைக்குப் போய் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கும். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அத்தனை பேரும் நம்புவார்கள்.

தீரவில்லை. ஏன் நின்றது என்று தெரியாதவரை, சர்வர் மறுபடி நிற்கும். இது தெரிந்தும் காரணத்தைத் தேடாமல் பட்டனை அழுத்துவதைப் பராமரிப்பு என்று சொல்லிக் காசு வாங்குவது தவறு. அதை ஏற்றுக்கொண்டு காசு கொடுப்பதும் தவறு.

இந்தப் பழக்கம் வீட்டுக் கணினியிலிருந்து வந்தது. அங்கே ஒருவர்தான் வேலை செய்கிறார், நஷ்டமும் அவரோடு போகிறது. ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் அப்படியல்ல. 1995இல் சிட்ரிக்ஸ் நிறுவனம் வின்ஃபிரேமைக் கொண்டுவந்தபோதும், 1998இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்டி 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டபோதும், இந்த ஏற்பாட்டின் அடிப்படை ஒன்றுதான்: பல பேர், பல திரைகள், ஆனால் கீழே ஓடும் கெர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, ஒன்றே. அந்த என்டி 4.0 காலத்தில் பிரிண்டர் டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே ஓடின. ஒருவர் பிரிண்ட் கொடுத்து அந்த டிரைவர் சறுக்கினால், உள்ளே இருந்த எல்லாருக்கும் நீலத்திரைதான். பிறகு அவற்றைக் கெர்னலுக்கு வெளியே எடுத்தார்கள். விண்டோஸ் சர்வர் 2008இல், சர்வரில் தனி டிரைவரே தேவைப்படாத ஈஸி பிரிண்ட் வந்தது. 2008 ஆர்2வில் டிரைவர்களைத் தனியே பிரித்து ஓட்டும் வசதியும் வந்தது. இத்தனையும் எப்படி நடந்தது? விழுந்த சர்வர்களைத் திறந்து பார்த்து, எந்த டிரைவர் விழவைத்தது என்று ஒருவர் கண்டுபிடித்ததால் நடந்தது.

ரீஸ்டார்ட் செய்தால் ஓடுகிறதே என்பார்கள். ஓடுவது உண்மைதான். கசிந்து நிரம்பிய நினைவகம் காலியாகிறது. சிக்கிக்கிடந்த செஷன்கள் மறைகின்றன. ஆனால் அது நிரம்பியது எதனால்? நம் அலுவலகங்களில் பெரும்பாலோர் வேலை முடிந்ததும் லாக் ஆஃப் செய்வதில்லை. விண்டோவின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அதனால் இணைப்புதான் அறுகிறது; செஷன் சர்வருக்குள் அப்படியே உயிரோடு இருக்கிறது. திறந்து வைத்த டேலியும் எக்ஸெலும் பிரவுசரும் உள்ளே நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. இணைப்பு அறுந்த செஷனை இத்தனை மணி நேரத்தில் முடித்துவிடு என்று குரூப் பாலிசியில் ஒரு வரி இருக்கிறது. நாமாக அமைக்காதவரை அதற்கு வரம்பே கிடையாது. பல இடங்களில் யாரும் அதைத் தொட்டதே இல்லை. அந்த ஒரு வரியை அமைக்க வேண்டிய இடத்தில் வாராவாரம் ரீஸ்டார்ட் நடக்கிறது. “ரேம் பத்தாது சார், இன்னொரு 32 ஜிபி போடுங்க” என்ற பரிந்துரையும் வருகிறது. நினைவகம் தீரும் நிலைக்கு வரும்போது விண்டோஸே சிஸ்டம் பதிவேட்டில் (ஈவென்ட் லாக்) 2004 என்ற எண்ணில் ஒரு நிகழ்வை எழுதி, எந்த மூன்று புரோகிராம்கள் அதிகம் தின்றன என்று பெயரோடு சொல்கிறது. அதைப் படிக்காமல் ரேமுக்குச் செலவு செய்யச் சொல்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும்போது என்ன போகிறது என்று பாருங்கள். எந்தப் புரோகிராம் எதற்காகக் காத்திருந்தது, எந்த டிரைவர் எந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது, யாருடைய செஷனில் முதலில் சிக்கியது என்பதெல்லாம் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மின்சாரம் போன நொடியில் அவை அழிந்துவிடும். பிரேதப் பரிசோதனைக்கு முன்பே உடலை எரித்துவிட்டு, எப்படிச் செத்தார் என்று ஊரில் விசாரிப்பது போன்றது இது.

அழிப்பதோடு நிற்பதில்லை, பொய்ச் சாட்சியும் உருவாகிறது. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு பதிவேட்டைத் திறப்பவர் கண்ணில் முதலில் படுவது கெர்னல்-பவர் 41 என்ற சிவப்பு வரி. பெயரில் பவர் என்று இருப்பதால் கரண்ட் பிரச்சினை என்று முடிவு கட்டி, யூபிஎஸ் மாற்றச் சொல்கிறார்கள். 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கணினி போன முறை முறையாக ஷட் டவுன் ஆகவில்லை. அதன் விவரப் பகுதியைத் திறந்தால் பக்செக் எண் ஒன்று இருக்கும். அது பூஜ்யமாக இல்லாவிட்டால், விழுந்தது நீலத்திரையில். அந்த எண்ணே அடுத்த தடயம். பூஜ்யமாக இருந்தால் மின்தடையாகவும் இருக்கலாம், முழு உறைவாகவும் இருக்கலாம். பக்கத்திலேயே பவர் பட்டன் அழுத்தப்பட்ட நேரமும் பதிவாகியிருந்தால், அந்த 41ஐ உண்டாக்கியவர் சர்வர் அறைக்குப் போய்ப் பட்டனை அழுத்தியவரேதான். நாமே உண்டாக்கிய தடயத்தை நாமே தவறாகப் படித்து யூபிஎஸ் வாங்குகிறோம்.

எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் தீராத கோளாறுகளும் உண்டு. விண்டோஸ் சர்வர் 2016, 2019 ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்களில் ஒவ்வொரு பயனரும் உள்ளே நுழையும்போது அவர் பெயரில் ஃபயர்வால் விதிகள் உருவாகின. வெளியேறும்போது அவை அழியவில்லை. ரெஜிஸ்ட்ரியில் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஸ்டார்ட் மெனு திறக்காமல் போனது, லாகின் செய்தவர்கள் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ரெஜிஸ்ட்ரி வட்டில் இருப்பது. ரீஸ்டார்ட் அதைத் தொடாது. மைக்ரோசாஃப்ட் பிறகு தந்த தீர்வுகூட அப்டேட் போட்டால் தானாக வந்துவிடாது. லாக் ஆஃப் ஆகும்போது விதிகளை அழி என்று சொல்லும் ரெஜிஸ்ட்ரி மதிப்பை நாமே சேர்க்க வேண்டும். காரணம் தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை.

2024 ஜூலை 9ஆம் தேதி பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு வெளியிலிருந்து வரும் இணைப்புகளை உள்ளே விடும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே சேவை விட்டு விட்டு விழத் தொடங்கியது. சில இடங்களில் அரை மணிக்கு ஒருமுறை எல்லாருடைய இணைப்பும் அறுந்தது. காரணம், ஆர்பிசி ஓவர் எச்டிடிபி என்ற பழைய முறையில் வந்த இணைப்புகள். மைக்ரோசாஃப்ட் சொன்ன தற்காலிக வழி, அந்தப் பழைய முறை இணைப்பைக் கேட்வேயிலோ பயனரின் கணினியிலோ தடுப்பது. விழுந்தது எந்தச் சேவை என்று பதிவேட்டைப் பார்த்தவர் அந்த வழிக்கு வந்து சேர்ந்தார். சர்வரை ரீஸ்டார்ட் செய்தவருக்கு அடுத்த அரை மணி நேரம் மட்டும் கிடைத்தது.

இந்த விஷயத்தில் நான் இத்தனை கடுமையாகப் பேசக் காரணம் ப்ளூகீப். 2019 மே 14 அன்று மைக்ரோசாஃப்ட், ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் இருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைத்தது. பாஸ்வேர்டே இல்லாமல் வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய வைக்கும் ஓட்டை அது. ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் 2003 சர்வருக்கும்கூட அப்டேட் கொடுத்தார்கள் என்றால் அதன் தீவிரம் புரியும். செப்டம்பர் 6 அன்று மெட்டாஸ்ப்ளாய்ட் கருவியில் அதைத் தாக்கும் நிரல் பொதுவெளிக்கு வந்தது. அன்றிலிருந்து, நாளுக்குச் சுமார் 10ஆக இருந்த ரிமோட் டெஸ்க்டாப் சேவை விழும் சம்பவங்கள் 100ஆக உயர்ந்ததை மைக்ரோசாஃப்ட் தன் பதிவுகளில் கண்டது. கெவின் போமான்ட் என்ற பிரிட்டன் பாதுகாப்பு ஆய்வாளர், தாக்குபவர்களை ஈர்ப்பதற்காகவே இணையத்தில் சில பொறிக் கணினிகளைத் திறந்து வைத்திருந்தார். அக்டோபர் கடைசியில் அவை நீலத்திரை காட்டி விழத் தொடங்கின. விழும்போது வட்டில் பதிந்த நினைவக நகலை, அதாவது கெர்னல் டம்ப்பை, அவர் மற்றொரு பாதுகாப்பு ஆய்வாளரான மார்கஸ் ஹச்சின்ஸிடம் கொடுத்தார். ஹச்சின்ஸ் அதைப் பிரித்துப் பார்த்தபோது, நினைவகத்துக்குள் ப்ளூகீப் தாக்குதல் நிரல் அப்படியே கிடந்தது. பிறருடைய கணினிகளில் கள்ளத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டத்தான் அத்தனை முயற்சியும். அந்த நிரல் மெல்ட்டவுன் என்ற செயலி ஓட்டைக்கான பேட்ச் போட்ட கெர்னல்களில் சரியாக வேலை செய்யாததால்தான் கணினிகள் விழுந்தன என்பது பிறகு தெரியவந்தது.

அந்த நாட்களில் உலகெங்கும் இதே காரணத்தால் விழுந்த அலுவலகச் சர்வர்களை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து ஒருவன் கதவை உடைக்கும் சத்தம்தான் அந்த நீலத்திரை. ரீஸ்டார்ட் செய்து, சரியாகிவிட்டது என்று ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. நம் ஊரில் அந்தப் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்து ஓடும் சர்வர்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே காரணம் தெரியாத ஒவ்வொரு விழுகையையும், வேறு காரணம் நிரூபணமாகும்வரை, தாக்குதல் முயற்சி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிரவுட்ஸ்ட்ரைக்கைக் காட்டி எனக்குப் பதில் சொல்பவர்கள் உண்டு. 2024 ஜூலை 19 அன்று அந்தப் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது, 15 முறைவரை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லவில்லையா என்று கேட்கிறார்கள். சொன்னது உண்மை. கோளாறு எந்த ஃபைலில் இருக்கிறது என்று அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. கணினி எழும் அந்தச் சில நொடிகளில், பழுதான ஃபைல் விழவைப்பதற்கு முன் திருத்திய ஃபைல் இறங்கிவிட வாய்ப்பிருந்தது. அந்த வாய்ப்புக்காகத்தான் மறுபடி மறுபடி முயலச் சொன்னார்கள். காரணம் தெரிந்து செய்யும் ரீஸ்டார்ட்டை நான் எதிர்க்கவில்லை.

இரவு தோறும் தானாக ரீஸ்டார்ட் ஆக வைப்பதும் இதே நம்பிக்கையின் இன்னொரு வடிவம். 2024 மார்ச் அப்டேட்டுக்குப் பிறகு டொமைன் கன்ட்ரோலர்களில், லாகின்களைச் சரிபார்க்கும் எல்எஸ்ஏஎஸ்எஸ் புரோகிராமின் நினைவகம் கசிந்தது. இரவு ரீஸ்டார்ட் வைத்திருந்தவர்கள் அந்தக் கசிவைக் கவனித்திருக்கவே வழியில்லை. நினைவக வரைபடம் ஏறுவதைப் பார்த்தவர்கள் குரல் கொடுத்ததால்தான் பத்தே நாளில் தனி அப்டேட் வந்தது.

அப்படியானால் நாற்பது பேர் காத்திருக்கும்போது என்ன செய்வது? முதலில் எது செத்தது என்று பாருங்கள். மற்றொரு கணினியிலிருந்து சர்வரின் பகிர்வு ஃபோல்டர் திறக்கிறதா? திறந்தால் சர்வர் முழுதாக உறையவில்லை. கிளையில் இருப்பவர்களுக்கு மட்டும் அறுந்து, அலுவலகத்துக்குள் ஓடுகிறதென்றால் ரவுட்டரைப் பாருங்கள். சர்வரைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் வேலை செய்கிறார்கள், புதிதாக யாரும் நுழைய முடியவில்லை என்றால் கெர்னல் நலமாக இருக்கிறது. கோளாறு லாகினிலோ புரொஃபைலிலோ லைசென்ஸிலோ இருக்கும். ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸுக்கான 120 நாள் அவகாசம் முடிந்ததை சர்வர் கிராஷ் என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்கும் இடங்களும் உண்டு. பிரிண்டரைத் தொட்டால் மட்டும் சிக்குகிறதென்றால், ஸ்பூலர் சேவையை மட்டும் நிறுத்தி ஓட்டினால் போதும். யாருடைய வேலையும் போகாது.

முழுதாகவே உறைந்திருந்தாலும் பட்டனுக்கு முன் ஒரு வழி இருக்கிறது. சர்வர் விர்ச்சுவல் மெஷினாக இருந்தால், ஹைப்பர்-வி, விஎம்வேர் இரண்டிலுமே வெளியிலிருந்து ஒரு குறுக்கீட்டு சமிக்ஞை அனுப்பி, வேண்டுமென்றே நீலத்திரைக்குத் தள்ளலாம். தனி சர்வர் என்றால் ஐலோ, ஐடிராக் போன்ற நிர்வாகப் பலகையில் அந்தப் பொத்தான் இருக்கும். நினைவகம் டம்ப்பாக வட்டில் எழுதப்பட்ட பிறகுதான் சர்வர் மறுபடி எழும். கூடுதலாக ஆகும் நேரம் சில நிமிடங்கள். இதற்கு முன்னேற்பாடு ஒன்று வேண்டும்: வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு சி டிரைவிலிருந்து பேஜ்ஃபைலை நீக்கியிருந்தால், டம்ப்புக்குத் தனி ஃபைல் ஒதுக்காதவரை, எதுவும் கிடைக்காது. இன்றே போய்ப் பாருங்கள். எழுந்ததும் மெமரி டம்ப் ஃபைலை வேறு இடத்துக்கு நகல் எடுங்கள், அடுத்த விழுகை அதன்மேலேயே எழுதிவிடும். சிஸ்டம் பதிவேட்டையும் சேமியுங்கள். அதன் இயல்பு அளவு 20 எம்பிதான், பழையவை தாமாக அழிந்துவிடும். பிறகு மைக்ரோசாஃப்ட்டின் விண்டிபிஜி கருவியில் டம்ப்பைத் திறந்தால், பல நேரங்களில் முதல் ஆய்விலேயே சந்தேகத்துக்குரிய டிரைவரின் பெயர் கண்ணில் படும்.

இதையெல்லாம் சொன்னால், இதற்கெல்லாம் நேரமில்லை என்கிறார்கள். யாருடைய நேரம்? சேமிக்காத ஐம்பது பில்லை மறுபடி அடிக்க இரவு எட்டு மணிவரை உட்காரும் பெண்ணின் நேரம் யார் கணக்கில் வருகிறது? ஜிஎஸ்டி கடைசி நாளில் சர்வர் விழுந்தால், அதிக விண்டோ திறந்து வைத்ததாகத் திட்டு வாங்குவதும் அவர்தான். காரணம் தேடப்படாததால் அவர்மேல் பழி விழுகிறது. அவர் தவறு செய்யவில்லை என்பதற்கான சாட்சி சர்வரின் நினைவகத்தில் இருந்தது. அதைத்தான் முதலில் அழித்தார்கள்.

ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் இந்த அநியாயத்துக்கு வசதியாகவே எழுதப்படுகின்றன. எத்தனை மணி நேரத்தில் சர்வரை ஓடவைக்க வேண்டும் என்று அவற்றில் இருக்கும், ஏன் நின்றது என்று சொல்ல வேண்டிய கடமை இருக்காது. ஆகவே எஞ்சினியர் எனிடெஸ்க் வழியாக வந்து, ரீஸ்டார்ட் கொடுத்து, கால் க்ளோஸ்டு என்று பதிந்துவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; அவருக்குக் காசு கொடுப்பது அதற்குத்தான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது முதலாளிகள் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். சர்வர் விழுந்த ஒவ்வொரு முறையும், விழுந்த நேரம், அப்போது உள்ளே இருந்தவர்கள், விழுவதற்கு முந்தைய பத்து நிமிடப் பதிவுகள், டம்ப் சேமித்த இடம், கண்ட காரணம் ஆகியவற்றை எழுத்தில் தர வேண்டும். காரணம் எழுதாத புகாரை முடிந்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, அதற்குப் பணமும் கொடுக்கக் கூடாது.