நுரை அடங்கிய பின்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் எரிமலை மாதிரிக்கு எப்போதும் தனியிடம் உண்டு. களிமண்ணால் கூம்பு செய்து, நடுவே குப்பியைப் புதைத்து, சமையல் சோடாவும் சிவப்புச் சாயமும் இட்டு வினிகரை ஊற்றினால் செந்நுரை பொங்கி வழியும். பார்ப்போர் கைதட்டுவர். அத்துடன் செயல்பாடு முடிந்துவிடுமாயின், அது வேடிக்கையே அன்றி அறிவியல் ஆகாது.

குப்பியில் நிகழ்வது வேதிவினை. அதனால் கார்பன் டை ஆக்சைடு புதிதாக உண்டாகிறது. எரிமலையிலோ, நீராவி முதலிய வாயுக்கள் ஆழத்தின் பேரழுத்தத்தால் பாறைக்குழம்பில் முன்பே கரைந்துள்ளன. குழம்பு மேலெழ அழுத்தம் குறைகிறது. வாயுக்கள் குமிழிகளாகப் பிரிந்து விரிந்து குழம்பை வெளியே தள்ளுகின்றன. குண்டை அழுத்தியதும் சீறும் கோலிசோடாவே இதற்கு நெருங்கிய உவமை. மாதிரி, தோற்றத்தில் எரிமலையை ஒத்தும் காரணத்தில் வேறுபட்டும் நிற்கிறது.

ஆர்வத்தைத் தூண்டினால் போதாதா எனச் சிலர் வினவலாம். ஆர்வம் தேவையே, ஆனால், அது வினாவாக வளர வேண்டும். ஒரே அளவுள்ள இரு கூம்புகளில் ஒன்றில் மட்டும் சோப்புக் கரைசலைச் சேர்த்து, நுரையின் உயரத்தையும் அது அடங்கும் நேரத்தையும் அளக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாது வைத்து அளக்கும்போதுதான் வேடிக்கை சோதனையாகிறது. வாயு எளிதில் வெளியேறாத குழம்பு ஏன் வெடிக்கிறது என்னும் வினாவும் அங்கே பிறக்கும்.

இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் உள்ள எரிமலை அந்தமானின் பாரன் தீவில் உள்ளது. நெடுங்காலம் அடங்கியிருந்த அது 1991இல் மீண்டும் சீறியது. ஆயினும், பாறைக்குழம்பின் கதையை அறிய ஓசூர், கிருஷ்ணகிரி மாணவர்கள் கடல் கடக்க வேண்டியதில்லை. கறுப்பு கிரானைட் என இங்கு வெட்டியெடுக்கப்படும் டோலரைட், 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் நிலத்தடி வெடிப்புகளில் புகுந்து குளிர்ந்த பாறைக்குழம்பே. விரைந்து குளிர்ந்த விளிம்பில் நுண்மணிகளும், மெல்லக் குளிர்ந்த நடுவில் பெருமணிகளும் அமைந்தன. சூடான படிகாரக் கரைசலை ஒரு கிண்ணத்தில் விரைவாகவும் மற்றொன்றில் மெல்லவும் குளிரவிட்டால், அவ்வேறுபாட்டை வகுப்பறையிலேயே காணலாம்.

இவ்வினாக்கள் தேர்வோடு முடிபவை அல்ல. உருகிய அலுமினியத்தில் கரைந்த வாயு, உலோகம் இறுகுகையில் பிரிந்து வார்ப்பில் நுண்துளைகளை உண்டாக்கும். நாளை இத்தொழிற்பகுதியின் வார்ப்புக்கூடங்களில் பணியாற்றவிருப்போர்க்கு, ‘இது ஏன் நிகழ்ந்தது?’ எனக் கேட்கும் பழக்கமே முதற்கருவி. அப்பழக்கம் வகுப்பறையில் தொடங்க வேண்டும். நுரை அடங்கியதும் கூம்பைக் கழுவி வைப்பதற்குமுன், ‘உண்மை எரிமலையிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது?’ என்று ஆசிரியர் கேட்பாராயின், கல்வி அங்கே தொடங்கும்.