புதிய காரும் பங்காளர் விலையும்: சலுகையின் கதவு எப்போது திறக்கிறது?

சில மாதங்களுக்கு முன் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து பெரியம்மாவின் மகன் அழைத்திருந்தார். கார் நிறுவனமொன்றுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அந்தக் கார் நிறுவனம் தன் பங்காளர் நிறுவனங்களின் ஊழியர்களுக்குத் தனி விலை கொடுக்கிறது. அந்த விலையில், புதிதாக வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓடர் செய்யப் போயிருக்கிறார். முதலில் போன விற்பனையகத்தில் கையை விரித்துவிட்டார்கள். “இந்த மொடலுக்குப் பங்காளர் விலை இல்லை. ஸ்டிக்கர் விலைக்கு மேலேயும் கொஞ்சம் தர வேணும்” என்பது பதில்.

“ஊரில பேமிட் மாதிரி ஒண்டெண்டு நினைச்சன் தம்பி. கையில கடிதம் இருந்தாக் காணும் எண்டுதான் போனன்” என்றார் அண்ணா. நான்கு விற்பனையகங்கள் மறுத்தன. ஐந்தாவது இடத்தில் ஒப்புக்கொண்டார்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு இப்போது கார் வரும்வரை காத்திருக்கிறார். அந்தக் கடைகளின் பெயர்கள் இங்கு அவசியமில்லை. ஆனால், ஒரு நிறுவனம் வாக்களித்த சலுகையை இன்னொருவர் எப்படி மறுக்க முடிகிறது என்ற கேள்வி என்னை விடவில்லை.

இதற்கான விடை அமெரிக்கக் கார்ச் சந்தையின் அமைப்பில் இருக்கிறது. அங்குள்ள பழைய பெரிய நிறுவனங்கள் கார்களை நேரடியாக மக்களுக்கு விற்பதில்லை. பல மாநிலங்களின் சட்டங்களே அதற்கு இடம் கொடுப்பதில்லை. விற்பவர்கள் தனி முதலாளிகள். அவர்கள் காரை நிறுவனத்திடமிருந்து வாங்கித் தங்கள் கணக்கில் விற்கிறார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் விலை ஸ்டிக்கர் ஒட்டப்பட வேண்டும். ஆனால், அதில் இருப்பது நிறுவனம் ‘பரிந்துரைக்கும்’ விலை மட்டுமே. அதற்குக் குறைத்தும் விற்கலாம், கூட்டியும் விற்கலாம்.

போர்ட் நிறுவனத்தின் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். அங்கு சலுகை விலைகள் எழுத்துகளால் அறியப்படுகின்றன. ஊழியர்களுக்கு ‘ஏ’, ஓய்வுபெற்றோருக்கு ‘இசட்’, விற்பனையக ஊழியர்களுக்கு ‘டி’, பங்காளர் நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் ஊழியர்களின் நண்பர்களுக்கும் ‘எக்ஸ்’. ‘எக்ஸ்’ விலை ‘ஏ’ விலையை விடச் சற்றுக் கூடியது. அது விற்பனையகத்தின் கொள்முதல் விலையை ஒட்டி இருக்கும். தகுதியுள்ளவர் ஓர் இரகசிய இலக்கத்தைப் பெற்றுக் கடையில் கொடுக்க வேண்டும். அந்த இலக்கத்தைப் பணத்துக்கு விற்க முடியாது. பேரம் பேசத் தேவையில்லை என்பதுதான் திட்டத்தின் கவர்ச்சி.

ஆனால், அந்த விலையை ஏற்பதா இல்லையா என்ற முடிவு விற்பனையகத்தின் கையில் இருக்கிறது. முற்றத்தில் பத்துக் கார்கள் விற்காமல் நின்றால் சலுகை இலக்கத்தோடு வருபவரை வரவேற்பார்கள். ஒரு காருக்குப் பத்துப் பேர் வரிசையில் நின்றால் கதை மாறிவிடும். புதிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது. சில விசேட மொடல்களை நிறுவனமே திட்டத்திலிருந்து விலக்கிவிடுவதும் உண்டு.

நிறுவனங்களுக்கும் இது தலைவலிதான். சிப் தட்டுப்பாட்டால் கார்கள் அரிதாகியிருந்த 2022 பெப்ரவரியில், போர்ட் தலைமை நிறைவேற்று அதிகாரி ஜிம் ஃபார்லி, ஏறத்தாழ 10 வீதமான விற்பனையகங்கள் ஸ்டிக்கர் விலைக்கு மேல் வாங்குவதாகவும், அவை யாவை என்பது தங்களுக்குத் தெரியும் என்றும் சொன்னார். அவற்றுக்கு ஒதுக்கப்படும் கார்களின் எண்ணிக்கையில் அது எதிரொலிக்கும் என்றும் எச்சரித்தார். நிறுவனத்திடம் இருக்கும் பிடி அவ்வளவுதான். விலையைக் கட்டளையிட முடியாது, அனுப்பும் கார்களைக் குறைக்கலாம்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் பார்க்க வேண்டும். 2005 ஜூனில் ஜெனரல் மோட்டர்ஸ் ஊழியர் விலையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அந்த மாத விற்பனை முந்தைய ஆண்டை விட 41 வீதம் உயர்ந்தது. போர்ட்டும் கிரைஸ்லரும் பின்தொடர்ந்தன. சலுகை முடிந்த இலையுதிர் காலத்தில் விற்பனை சரிந்தது. நான்கு ஆண்டுகளில், 2009 ஜூனில், ஜெனரல் மோட்டர்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அதற்குக் காரணங்கள் பல. ஆயினும் விலைக்குறைப்பால் பெற்ற விற்பனை நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

2025 ஏப்ரல் 3ஆம் திகதி, இறக்குமதிக் கார்கள் மீது ட்ரம்ப் விதித்த 25 வீதத் தீர்வை நடைமுறைக்கு வந்த அதே நாளில், போர்ட் தன் ‘ஏ’ விலையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆனால், ரப்டர் போன்ற கேள்வி கூடிய மொடல்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அந்தக் காலாண்டில் அதன் அமெரிக்க விற்பனை சுமார் 14 வீதம் கூடியது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சலுகை விலை விசுவாசத்துக்கான பரிசாகச் சொல்லப்படுகிறது. நடைமுறையில் அது கையிருப்பைச் சரிசெய்யும் கருவியாகவே இயங்குகிறது. கார் தேங்கும்போது ஊரெல்லாம் ‘ஊழியர்’ ஆகிவிடுகிறது. கார் அரிதாகும்போது, அதன் பாகத்தைச் செய்த தொழிலாளியே வெளியாள் ஆகிவிடுகிறார்.

அண்ணா சொன்ன பேமிட் உவமைக்கு வருவோம். நமது நாட்டில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர்நிலை அரச ஊழியர்களுக்கும் வழங்கப்பட்ட தீர்வைச் சலுகை அனுமதிப்பத்திரங்கள் வேறு வகை. மிச்சிகனில் விட்டுக்கொடுக்கப்படுவது தனியார் இலாபம். இங்கு விட்டுக்கொடுக்கப்பட்டது திறைசேரிக்கு வரவேண்டிய வரி. அந்த இலக்கத்தை விற்க முடியாது. நமது அனுமதிப்பத்திரங்களோ பெருந்தொகைக்குக் கைமாறியது நாடறிந்த கதை. அங்கு சலுகை தோற்றால் ஒருவர் ஏமாற்றமடைகிறார். இங்கு சலுகை வென்றபோதெல்லாம் பொதுமக்கள் இழந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இனி வாகன அனுமதிப்பத்திரம் இல்லை என்று இன்றைய அரசாங்கம் அறிவித்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. வங்கி ஊழியருக்கு, சங்க உறுப்பினருக்கு, நிறுவன வாடிக்கையாளருக்கு என விசேட விலைகள் நம்மிடமும் பேசப்படும். முற்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது. இந்தச் சலுகையைத் தருவது யார்? எனக்கு விற்பவர் அதற்குக் கட்டுப்பட்டவரா? டொலரோ வரியோ மாறினால், வாகனம் கைக்கு வரும் நாளில் எந்த விலை? மூன்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும்.

அண்ணாவிடம் கடைசியாகக் கேட்டேன், இவ்வளவு அலைச்சலும் அந்தக் காருக்குப் பெறுமதியா என்று. “காருக்காக மட்டுமில்லையடா. அதில நாங்கள் செய்த பாகமும் கிடக்குது. அந்த விலைக்கு எனக்கு உரிமை இருக்கெண்டு நினைச்சன்” என்றார். உரிமை என்று அவர் நினைத்தது, விற்பவர் விரும்பினால் மட்டும் கிடைக்கும் சலுகை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஐந்தாவது கடையில்தான் அவருக்குப் புரிந்திருக்கிறது.