கோப்பு எண்ணிக்கை மட்டும் போதுமா?

சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு இழப்பீடு தாமதமாவதற்குத் தீர்ப்பாயங்களின் நெரிசல் மட்டும் காரணமல்ல. காப்பீட்டு நிறுவனமொன்றில் காய வழக்குகளைப் பார்க்கும் குழுவை நடத்துபவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 149ஆவது பிரிவு, நிறுவனத்தின் அதிகாரி 30 நாளுக்குள் சமரசத் தொகையை முன்வைக்க வழி செய்கிறது. ஒருவர் தலையிலேயே கோப்புகளைக் குவித்தால் அது எப்படி நடக்கும்? மாதக் கடைசியில் "எத்தனை முடிச்சீங்க?" என்று மட்டும் மேலாளர் கேட்டால், ஊழியர் மருத்துவச் சான்றிலுள்ள ஊனச் சதவீதத்தை வைத்து அப்படியே கணக்குப் போட்டுவிடுவார். ஊனத்தின் அளவு வேறு, வருமான இழப்பின் அளவு வேறு என்று உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இடது கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடும். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை நீடிக்கலாம். அந்த வித்தியாசம் சான்றிதழில் இருக்காது, விசாரித்தால்தான் தெரியும். விசாரிக்க நேரம் வேண்டும்.

தலைக்காய வழக்குகளை எங்கள் குழுவில் அனுபவசாலிகளுக்கே தருகிறேன். சிகிச்சை முடியும்முன் கோப்பை மூடச் சொல்வதில்லை. காப்பீட்டு நிறுவனங்கள் காய வழக்குக் குழுக்களுக்கு உடனே ஆள் சேர்க்க வேண்டும். பயிற்சியும் தர வேண்டும்.

— வாசகி, கோயம்புத்தூர்