எங்கட கதையை யார் படமெடுப்பது?



கொஞ்சம் நீளமான பதிவு. சினிமா பற்றியது. சினிமா பிடிக்காதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள். அது எங்கள் பிள்ளைகளைப் பற்றியது.

2025 மே முதலாம் திகதி 'டூரிஸ்ட் ஃபேமிலி' வெளியானது. எங்கட ஊரில் தியேட்டர் இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளில் எல்லார் போனுக்கும் படம் வந்து சேர்ந்துவிட்டது. பார்த்தவர்களில் பாதிப் பேர் கதைத்தது ஒரே விசயம்தான். சசிகுமாரும் சிம்ரனும் பேசுவது சரியான இலங்கைத் தமிழா, இல்லையா? யாழ்ப்பாணத்து நண்பர்கள் சிலர் பிழை பிடித்தார்கள், சிலர் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு மனதில் நின்றது வேறு. 2022 நெருக்கடியில் வாழ வழியில்லாமல் வள்ளத்தில் ராமேஸ்வரம் போய் இறங்கி, சென்னையில் ஒளிந்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை அது. உங்கட தமிழை வெளியில் பேசாதீர்கள், ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உறவினர் அவர்களுக்குப் புத்தி சொல்கிறார். வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்ற பயம்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கட தமிழ் எந்தப் படத்தில் இருக்கிறது? யாழ்ப்பாணத் தமிழைப் பிழையாகவாவது பேச சென்னையில் ஆள் இருக்கிறது. உம்மா, வாப்பா, ராத்தா, காக்கா என்று நாங்கள் வீட்டில் கதைக்கிற தமிழைப் பிழையாகப் பேசக்கூட ஆள் இல்லை.

முன்பு ஒருவர் இருந்தார், மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மரிக்கார் ராம்தாஸ். இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தில் முஸ்லிம் பாத்திரமாகப் பேசிப் பேசி, எஸ். ராம்தாஸ் என்ற பெயருக்கு முன்னால் மரிக்கார் ஒட்டிக்கொண்டது. 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. எங்கள் பேச்சை நாடு முழுவதும் கேட்க வைத்தவர் எங்கள் சமூகத்தைச் சேராத ஒரு கலைஞர். அவருக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். ஆனால் அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் எங்கள் பேச்சு என்றால் முதலில் ஞாபகம் வருவது ஒரு பகிடி என்றால், அது அவருடைய குறை இல்லை. அந்தப் பேச்சில் எங்கள் துக்கத்தையும் சந்தோசத்தையும் சொல்ல நாங்கள் வரவில்லை.

2022க்கே வருவோம். பிரசன்ன விதானகேயின் 'பெரடைஸ்' படமும் அந்த வருடத்தைப் பற்றியதுதான். 2023இல் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசொக் விருது பெற்றது. கேரளத்திலிருந்து மலையகத்துக்குச் சுற்றுலா வரும் ஒரு தம்பதி, களவு போகும் போன்கள், பொலிஸ், தோட்டத் தொழிலாளிகள் மீது விழும் சந்தேகம் என்று போகிறது கதை. ஒரு படம் நாட்டை விட்டுப் போனவர்களைச் சொன்னது, மற்றது நாட்டுக்கு வந்தவர்களைச் சொன்னது. இங்கேயே இருந்த எங்கள் வீடுகளில் நடந்ததை யார் சொல்வது?

அந்த வருடம் நோன்பு ஏப்ரலில் வந்தது. கரண்ட் இல்லை, கேஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. ஸஹருக்கு எழும்பி, இருட்டில் விறகு மூட்டிய உம்மாக்களை நான் அறிவேன். கேஸ் கியூவில் நின்றபடியே பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தவர்களை உங்களுக்கும் தெரியும். கொழும்பில் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் எல்லாச் சமயத்தவரும் பக்கத்தில் இருக்க எங்கள் பிள்ளைகள் இப்தார் செய்தார்கள். இதில் ஒரு காட்சியாவது எந்தப் படத்திலாவது வந்ததா? நான் காணவில்லை.

இதைவிடப் பெரிய ஒன்றும் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். 2020இல் தொடங்கி அடுத்த வருடம் பெப்ரவரி வரை அது நடந்தது. பொரளைக் கனத்தை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கத் தொடங்கினார்கள். ஊர் எதுவாக இருந்தாலும் அடக்கம் அங்கேதான். 2024 யூலையில் மன்னிப்புக் கேட்பதற்கு அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. மன்னிப்பு ஒரு பத்திரத்தில் இருக்கும். ஆனால் கையில் மையித்து இல்லாமல், கபன் துணியை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு வீட்டில் இருந்த ஒரு உம்மா எப்படி இருந்தார் என்பதை எந்தப் பத்திரமும் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு கதை வேண்டும், அல்லது ஒரு படம். இன்னும் பத்து வருடத்தில் எனது மாணவர்களுக்கு அது ஒரு திகதியாக மட்டும்தான் தெரியும்.

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வரும்.

முதலாவது, சினிமா கூடாது. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை, அந்த வேலைக்கு நான் வரவும் இல்லை. நான் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன். தரம் 6 பிள்ளைக்குக்கூட இப்போது எல்லா நடிகர்களின் பெயரும் தெரியும். டிக்டொக் இல்லாத வீடு குறைவு. பார்ப்பதை எல்லாரும் பார்க்கிறோம், கதைப்பதை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம். அதனால் பிள்ளைகள் தனியாக, போர்வைக்குள், எதையும் யாரிடமும் கேட்காமல் பார்க்கிறார்கள். இது எந்த ஆலிமும் விரும்புகிற நிலைமை இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, காசு இல்லை. காசு இல்லாதது உண்மை. ஆனால் அப்பாஸ் கியாரோஸ்தமியின் முதல் படம் பத்து நிமிடம்தான். 1970இல் எடுத்தது. பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஒரு பொடியன், ஒழுங்கையில் வழிமறிக்கிற ஒரு நாய். அவ்வளவுதான் படம். எங்கட ஊரில் ஒழுங்கைக்கும் பஞ்சமில்லை, நாய்க்கும் பஞ்சமில்லை.

மூன்றாவது, எங்கள் கட்டுப்பாடுகளுக்குள் படம் எடுக்க முடியாது. இந்தப் பதிலைத்தான் நான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க விரும்புகிறேன்.

1979க்குப் பிறகு ஈரானில் எத்தனையோ கட்டுப்பாடுகள். திரையில் பெண் தலை மறைக்க வேண்டும், கணவன் மனைவியாக நடிப்பவர்கள்கூடத் தொடக்கூடாது. அங்கேதான் 1987இல் 'நண்பனின் வீடு எங்கே' வந்தது. வகுப்பு நண்பனின் கொப்பியைத் தெரியாமல் எடுத்து வந்துவிட்ட ஒரு சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்துக் கிராமத்துக்கு ஓடுகிறான். கொப்பியில் வீட்டுவேலை செய்யாமல் வந்தால் நண்பனைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடுவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்கள் கட்டாயம் பாருங்கள். நாங்கள் வகுப்பில் போகிற போக்கில் சொல்லுகிற ஒரு வார்த்தை ஒரு பிள்ளையை எத்தனை மேடு ஏறி இறங்க வைக்கிறது என்பது விளங்கும்.

1997இல் மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. ஒரு சோடிச் சப்பாத்தை மாறி மாறிப் போட்டுக்கொண்டு பாடசாலை போகிற அண்ணனும் தங்கையும். ஒஸ்கார் பரிந்துரை வரை போன படம். இந்த மூன்று படங்களையும் எடுக்க உதவியது ஈரானில் சிறுவர்களின் அறிவு வளர்ச்சிக்காக இருக்கிற ஒரே நிறுவனம்தான். பிள்ளைகளுக்குப் புத்தகம் அச்சிட்டு, நூலகம் நடத்திய இடம் அது.

ஈரானை நான் சொர்க்கமாகக் காட்ட வரவில்லை. கியாரோஸ்தமியிடம் உதவியாளராக இருந்த ஜஃபர் பனாஹியைச் சிறையில் போட்டார்கள், இருபது வருடம் படமெடுக்கத் தடை போட்டார்கள். அவர் ஒளித்து ஒளித்து எடுத்து, 2025இல் கான் விழாவின் முதல் பரிசை வாங்கினார். அவரைத் தடுத்தது ஒரு அரசாங்கம். எங்களைத் தடுப்பது அடுத்த வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்ற யோசனை மட்டும்தான்.

ஈரான் தூரம் என்றால் மலப்புறம் கிட்ட இருக்கிறது. ஸக்கரியா என்ற இயக்குநர் 2018இல் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' எடுத்தார். செவன்ஸ் பந்து விளையாட வந்து காலில் அடிபட்ட ஒரு நைஜீரியப் பொடியனை, பாஷை தெரியாத இரண்டு வயதான உம்மாமார் சொந்தப் பிள்ளையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த உம்மாமாரை எனக்குத் தெரியும். எங்கட ஒழுங்கையில் நாலு பேர் இருக்கிறார்கள். அதே இயக்குநர் 2020இல் 'ஹலால் லவ் ஸ்டோரி' எடுத்தார். ஒரு இஸ்லாமிய அமைப்பினர் மார்க்க வரையறைக்குள் ஒரு படம் எடுக்க முயல்வதுதான் கதை. கணவன் மனைவியாக நடிப்பவர்கள் உண்மையிலேயே கணவன் மனைவியாக இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். நடிக்க வந்த இடத்தில் அந்த இருவரின் குடும்ப வாழ்க்கையில் பேசாமல் விட்டதெல்லாம் வெளியே வருகிறது. சிரித்துக்கொண்டே பார்க்கலாம், அதே நேரம் எங்கேயோ குத்தும். கட்டுப்பாட்டைத் தடை என்று ஒதுக்காமல் அதையே கதையாக்கினார்கள் பாருங்கள், அதுதான் புத்தி.

இதற்கு அடுத்த படிதான் எங்களுக்குக் கஷ்டமானது. பொன்னானியில் எடுத்த 'ஃபெமினிச்சி பாத்திமா' என்று ஒரு படம். ஃபாஸில் முஹம்மதின் முதல் முழுநீளப் படம். 2024 டிசம்பரில் கேரளத் திரைப்பட விழாவில் காட்டினார்கள். முதுகுவலிக்காரியான ஒரு குடும்பப் பெண்ணுக்குப் படுக்க ஒரு மெத்தை வேண்டும். கணவர் ஒரு உஸ்தாத். அந்த மெத்தை அவளுக்குக் கிடைக்கிறதா என்பதுதான் முழுப் படமும். கத்தல் இல்லை, மார்க்கத்தைத் திட்டுவது இல்லை. ஆனால் அந்த வீட்டில் யாருடைய வசதி முதலில், யாருடைய வலி கடைசியில் என்று படம் அமைதியாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

இப்படி ஒரு படம் எங்கட ஊரில் எடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சமூகத்தைக் கேவலப்படுத்துகிறான்" என்பார்கள். வெளியே எங்களை ஏற்கனவே சந்தேகமாகப் பார்க்கிறார்கள், அதனால் நாங்கள் நல்லவர்களாக மட்டும்தான் தெரிய வேண்டும் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. 2019க்குப் பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியது. அது நியாயமான பயம், நான் மறுக்கவில்லை. ஆனால் நல்லவர்களாக மட்டும் காட்டுவது விளம்பரம், கதை இல்லை. விளம்பரத்தைப் பார்த்து யாரும் எங்களை விளங்கிக்கொள்ளப் போவதில்லை. சுடானி படத்து உம்மாமாரை முஸ்லிம் அல்லாதவர்களும் தங்கள் உம்மாவாக நினைத்தார்கள் என்றால், அந்த வீட்டில் கோபம், பிடிவாதம், தாய்க்கும் மகனுக்கும் இடையில் முகம் கொடுக்காத வருடங்கள் எல்லாம் இருந்ததால்தான்.

கதை சொல்வது எங்களுக்குப் புதிது என்றும் யாரும் சொல்ல முடியாது. 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதியவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை. தமிழில் வந்த முதல் நாவல்களில் அது ஒன்று. கிழக்கில் எங்கள் பாட்டிமார் வயலிலும் வாசலிலும் கவி கட்டினார்கள். களிகம்பு அடித்தார்கள், சீறாப்புராணம் படித்தார்கள். அந்தச் சங்கிலி எங்கள் தலைமுறையில்தான் கழன்று கிடக்கிறது.

இனிப் பிள்ளைகள் விசயம்.

பாடசாலைகளில் கட்டுரை, கதை, பேச்சுப் போட்டி எல்லாம் நடக்கிறது. பெரும்பாலும் பெரியவர்கள் எழுதிக் கொடுக்க, பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். "தாயிற் சிறந்த கோயிலுமில்லை" பாணியில் முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே தாய். நான் ஒருமுறை தரம் 8 வகுப்பில் மஜீதியின் சப்பாத்துக் கதையை வாயால் சொல்லிவிட்டு, "உங்கட வீட்டில் இருக்கிற ஒரு சாமானைப் பற்றி எழுதுங்கள். பெரிய விசயம் வேண்டாம்" என்றேன். ஒரு பிள்ளை வாப்பாவின் செருப்பைப் பற்றி எழுதியிருந்தது. வாப்பா கட்டாரில். போகும்போது விட்டுப்போன செருப்பு வாசலில் இருக்கிறதாம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உம்மா அதைக் கழுவித் திரும்ப அதே இடத்தில் வைப்பாராம். ஆம்பிளை இல்லாத வீடு என்று வெளியில் தெரியக்கூடாது என்பதற்காக என்று உம்மா சொன்னாராம். பத்து வரி. எழுத்துப்பிழை பதினைந்து இருந்தது.

அந்தப் பத்து வரி ஒரு படம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய நூறு வீடுகளின் கதை. சென்னையில் இருந்து யாரும் வந்து அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அதனால் எனது கோரிக்கை சின்னது. பெற்றோர் மாதத்தில் ஒரு நல்ல படத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள், முடிந்ததும் ஐந்து நிமிடம் கதையுங்கள். மேலே சொன்ன ஈரான் படங்களில் நீங்கள் கண்ணை மூட வேண்டிய காட்சி ஒன்றும் இல்லை. ஆசிரியர்கள் எழுதிக் கொடுப்பதை நிறுத்துங்கள், பிள்ளை பிழையோடு எழுதட்டும். வாசிகசாலைகளும் விளையாட்டுக் கழகங்களும் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை ஒரு குறும்படப் போட்டிக்கு ஒதுக்குங்கள். விதிமுறையை ஆலிம்களோடு இருந்து எழுதுவோம், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. போனில் எடுக்கட்டும், ஐந்து நிமிடம் போதும். ஊரில் ஒரு பொடியன் எதையாவது எடுத்துப் போட்டால், முதல் கொமென்ட்டில் பத்வா கொடுக்காமல் ஒருமுறை முழுதாகப் பாருங்கள்.

கொமென்ட்டில் எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்கட வீட்டுக் கதையில் எது படமாக வர வேண்டும்? இரண்டு வரி போதும். நல்லதாகக் கிடைத்தால் பிள்ளைகளிடம் கொடுத்து எடுக்கச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.