‘நிரந்தரத் தீர்வு’ என்கிற நோட்டீஸ்

தாலுகா ஆபீஸ் நினைவுகளைத் தொடர்வதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குப் போகட்டும். இந்த வாரம் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன். எழுபதைத் தாண்டியவன் கோபம்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பையன். ஓசூர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. முழங்கை, முழங்கால், தலை என்று சிவந்து, தவிடு மாதிரி செதில் உதிர்கிறது. சோரியாசிஸ். கேன்டீனில் பக்கத்தில் இருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்களாம். அன்று முதல் அவன் மத்தியானம் சாப்பிடுவதில்லை. அவனுடைய அம்மா போன வாரம் ஒரு நோட்டீஸோடு என் வீட்டுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டு சுவரிலிருந்து பிய்த்து எடுத்தது. சோரியாசிஸ், வெண்புள்ளி, மூலம் மூன்றுக்கும் 90 நாளில் நிரந்தரத் தீர்வு, மாதம் ஒரு நாள் லாட்ஜில் முகாம் என்று அச்சடித்திருந்தது.

“அண்ணா, அத்திப்பள்ளி தாண்டினா வந்துடும். இருபதாயிரம் ஆகுமாம். வளையலை அடகு வைக்கலாமான்னு பாக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைத்தான் சொன்னேன். ஏன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

எனக்கும் இந்த நோய் உண்டு. பழைய நண்பர்கள் சிலருக்குத் தெரியும். நாற்பத்திரண்டு வயதில் தொடங்கியது. நானும் இதே போன்ற ஒரு முகாமுக்குப் போனவன்தான். பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடி, பெயர் இல்லாத டப்பாவில் களிம்பு. மூன்றே வாரத்தில் தோல் குழந்தை தோல் மாதிரி ஆகிவிட்டது. ஆபீஸில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். பொட்டலம் தீர்ந்ததும் நிறுத்தினேன். பத்து நாளில் உச்சந்தலை முதல் பாதம் வரை நெருப்பாகச் சிவந்து, குளிர் நடுக்கத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தேன். அங்கிருந்த டாக்டர் பொடியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் திருப்பி அடிக்கும்” என்றார்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் அதுதான். ஸ்டீராய்டு உள்ளே போனால் சோரியாசிஸ் சீக்கிரம் அடங்கும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகக் கிளம்பும். சிலருக்குச் சீழ்க் கொப்புளமாக வரும், சிலருக்கு உடம்பு முழுவதும் சிவந்து உரியும். உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. ஸ்டீராய்டு களிம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் அளவு சொல்லி, இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. மெடிக்கல் ஷாப்பில் “படைக்கு ஒரு டியூப் கொடுப்பா” என்று கேட்டு வாங்குவதுதான் தவறு. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியைத் திருத்தியது. அந்த விதி எத்தனை கடையில் நடக்கிறது என்பதை உங்கள் தெருமுனைக் கடையில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

‘நிரந்தரம்’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்த நோயில் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறான உத்தரவு போடுகிறது. சாதாரணமாக ஒரு மாதம் எடுத்துக்கொண்டு உருவாகி உதிரும் தோல் சில நாட்களிலேயே மேலே வந்து குவிகிறது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. நம் ஓசூர் ரோட்டிலேயே, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருக்கும் பயோகான் கம்பெனி, இதற்காக இட்டோலிசுமாப் என்ற ஊசி மருந்துக்கு 2013-ல் அனுமதி வாங்கியது. அதுவும் நோயை அடக்கி வைக்கிற மருந்துதான், வேரோடு ஒழிக்கிற மருந்து அல்ல. இத்தனை ஆராய்ச்சிக்கும் அகப்படாத நிரந்தரம் லாட்ஜ் அறையில் பொட்டலம் கட்டுபவனுக்கு மட்டும் எப்படி அகப்பட்டது?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. நோய் கிளம்பினால் ‘பூஸே’, தணிந்தால் ‘ரெமிசியோன்’, முற்றிலும் குணமானால் ‘கெரிசோன்’. தணிவது வேறு, குணமாவது வேறு. நம் பேச்சில் இரண்டையும் ‘சரியாயிடுச்சு’ என்று முடித்துவிடுகிறோம். நோட்டீஸ்காரன் பிழைப்பது அந்த ஒரு சொல்லில்தான்.

ஆபீஸ் கணக்கில் சொன்னால், இது முடிந்துபோய் ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பும் கோப்பு இல்லை. கால் புக்கில் வைக்க வேண்டிய கோப்பு. இப்போதைக்கு நடவடிக்கை வேண்டாம், ஆனால் அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். முப்பது வருடமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

அப்படிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை: நம் ஊர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதத்து வறண்ட குளிரில் எனக்குக் கட்டாயம் கிளம்பும். குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் பாதித் தொல்லை குறைகிறது. தொண்டைப் புண், மனக்கவலை, தூக்கக் கேடு, மது, புகை இவையும் கிளப்பிவிடும். சொறிந்த இடத்திலும் காயம் பட்ட இடத்திலும் புதிதாக முளைக்கும். நம் வயதுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் இது கிளம்பலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். தோலோடு மூட்டும் வீங்கி, காலையில் விரல் மடக்க முடியாமல் இருந்தால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். இந்த நோயே மூட்டைத் தாக்கும். தாமதித்தால் விரல் கோணிவிடும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையைச் சோரியாசிஸுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். மற்ற மாத்திரை மாதிரி தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து ஆளையே கொன்றுவிடும். கண் சரியாகத் தெரியாத நம்மைப் போன்றவர்கள் காலண்டரில் அந்தக் கிழமையைச் சுழித்து வைக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சித்த மருத்துவத்தை நான் பழிப்பதாக நினைக்க வேண்டாம். காளாஞ்சகப்படை என்று பெயர் வைத்து, வெட்பாலை இலைத் தைலத்தைக் கொடுக்கும் முறை அதில் உண்டு. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. படித்த வைத்தியர் கொடுக்கும் மருந்துக்குப் பெயர் இருக்கும், கேட்டால் சொல்வார். என் சண்டை பெயர் இல்லாத பொட்டலத்தோடு.

தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இது ஒட்டாது. கூட உட்கார்ந்து சாப்பிட்டாலும், கை குலுக்கினாலும், ஒரே துண்டில் துடைத்தாலும் ஒட்டாது. பழைய காலத்தில் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் ஹெப்ரா என்ற மருத்துவர் இரண்டும் வேறு என்று 1841-லேயே பிரித்துக் காட்டிவிட்டார். அந்தச் செய்தி நம் சிப்காட் கேன்டீனுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: “எல்லாம் சரிண்ணா. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போவுது. ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடறாங்க. நோட்டீஸ்ல இருந்த நம்பருக்கு போன் பண்ணோம், அரை மணி நேரம் பொறுமையா பேசினாரு.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாய் வளையலை அடகு வைப்பது பொடிக்காக மட்டுமல்ல, தன் பிள்ளையை அருவருக்காமல் அரை மணி நேரம் பேசிய குரலுக்காகவும்தான். நம் டாக்டர்கள் “இது போய்ப் போய் வரும், பயப்படாதே, ஒட்டாது” என்று மூன்று வாக்கியம் கூடுதலாகச் சொன்னால் முகாம்களில் பாதி காலியாகிவிடும். கம்பெனிகள் தோல் டாக்டரைப் பார்க்க மாதம் அரை நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தால் மீதிப் பாதியும் காலியாகும்.

திங்கட்கிழமை நானே அவனைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே போனதும் என் முழங்கையைக் காட்டி, “எனக்கும் இதுதான் டாக்டர், இவனுக்கு விவரமாகச் சொல்லுங்கள்” என்றேன். டாக்டர் சிரித்துவிட்டு விவரமாகவே சொன்னார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவன் இரண்டு தடவை சாம்பார் கேட்டு வாங்கினான்.

ஓசூர் திரும்பியபோது பஸ் ஸ்டாண்டு சுவரில் அதே இடத்தில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பசை காயவில்லை. கிழித்துவிட்டு வந்தேன். உங்கள் பக்கத்துச் சுவரிலும் இருக்கும், பாருங்கள்.