பின்னால் வருகிறவருக்கான விளக்கு

வண்டியில் உள்ள விளக்குகளில் ஓட்டுகிறவர் கண்ணுக்கே படாதது பிரேக் லைட். ஹெட்லைட் போனால் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். இண்டிகேட்டர் பல்பு போனால் டிக் டிக் சத்தம் மாறிவிடும். பிரேக் லைட் ஆறு மாதமாக எரியாமல் இருந்தாலும் பல வண்டிகளில் தெரியாது. சிக்னலில் ஒரு புண்ணியவான் பக்கத்தில் வந்து, "ஏனுங்க, உங்க பிரேக் லைட் எரியலீங்க" என்று சொன்னால்தான் உண்டு. இல்லாவிட்டால் யாராவது பின்னால் வந்து இடித்த பிறகு தெரியும்.

இந்த விளக்கில் இப்போது ஒரு புது மோகம் வந்திருக்கிறது. பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகிக்கொள்கிறார்கள். "பளிச்சுனு எரியும் சார், பேட்டரியும் மிச்சம்" என்று கடையில் சொல்கிறார்கள். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி. விளக்கோடு வரும் வண்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பழைய வண்டியில் பல்பை மட்டும் மாற்றுவது வேறு விஷயம். நம் வயதுக்காரர்கள் பலர் இன்னும் பத்துப் பதினைந்து வருடத்துப் பழைய வண்டியைத்தான் ஆசையாக வைத்திருக்கிறோம். அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எல்.இ.டி.யின் நல்ல குணத்தைச் சொல்லிவிடுகிறேன். சாதா பல்பில் ஃபிலமெண்ட் சூடாகி, பிறகுதான் முழு வெளிச்சம் வரும். அதற்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். எல்.இ.டி. மிதித்தவுடன் எரியும். 0.2 விநாடி என்ன பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த நேரத்தில் 3 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 80-ல் வந்தால் 4 மீட்டருக்கு மேல். ஒரு சின்னக் காரின் நீளம்! நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகும் பைபாஸில் முன்னால் போகும் லாரி திடீரென்று பிரேக் போட்டால், அந்த 4 மீட்டரில் ஒரு குடும்பம் தப்பிக்கலாம்.

அப்படியானால் மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

பெரும்பாலான பழைய வண்டிகளில் பின்னால் இருப்பது 21/5 வாட் பல்பு. ஒரே பல்புக்குள் இரண்டு ஃபிலமெண்ட். 5 வாட் ஃபிலமெண்ட் ராத்திரியில் டெயில் லைட்டாக எப்போதும் எரியும். பிரேக்கை மிதித்தால் 21 வாட் ஃபிலமெண்ட் எரியும். வாட் கணக்கில் நான்கு மடங்கு என்றாலும், வெளிச்சக் கணக்கில் வித்தியாசம் இன்னும் அதிகம். தரமான பல்பில் டெயில் லைட் சுமார் 35 லூமன், பிரேக் லைட் சுமார் 440 லூமன். அதாவது 12 மடங்குக்கு மேல். பின்னால் வருகிறவருக்கு நாம் பிரேக் போட்டோம் என்று சொல்வது இந்த வித்தியாசம்தான். வெறும் வெளிச்சம் அல்ல.

மலிவான எல்.இ.டி. பல்புகளில் இந்த வித்தியாசம்தான் அடிபடுகிறது. டெயில் லைட்டே பளீரென்று எரிகிறது. மிதித்தால் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஒரு நண்பர் இப்படி மாற்றியிருந்தார். ஒரு நாள் இருட்டும் நேரத்தில் பார்க்கிங் லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, நான் காருக்குப் பின்னால் 30 அடி தள்ளி நின்றேன்.

"இப்ப மிதிக்கிறனுங்க, தெரியுதுங்களா?"

"நீங்க மிதிச்சீங்களா இல்லையான்னே தெரியலீங்களே!"

மறுநாளே பழைய பல்பு திரும்பி வந்தது.

அடுத்தது, விளக்குக்குள் இருக்கும் பளபளப்பான குழி. ஃபிலமெண்ட் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, அங்கிருந்து எல்லாப் பக்கமும் போகும் வெளிச்சத்தைச் சேர்த்துப் பின்னால் அனுப்பும்படி அதைச் செய்திருக்கிறார்கள். பல எல்.இ.டி. பல்புகளில் வெளிச்சம் அப்படிப் பரவுவதில்லை. நடுவில் ஒரு புள்ளி கண்ணைக் குத்தும், சுற்றி இருட்டாக இருக்கும். கண்புரை உள்ளவர்களுக்கு அந்தப் புள்ளி எப்படிச் சிதறித் தெரியும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நிறத்தையும் பார்க்க வேண்டும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. போட்டால் பாதி வெளிச்சம் வீண். சாதா பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு நிறைய இருக்கும். வெள்ளை எல்.இ.டி.யில் அது குறைவு. சரி, சிவப்பு எல்.இ.டி. போடலாம் என்றால், பல இரு சக்கர வண்டிகளில் அதே பல்புதான் கீழே உள்ள சின்னக் கண்ணாடி வழியாக நம்பர் பிளேட்டுக்கும் வெளிச்சம் தருகிறது. அது சிவப்பாகிவிடும். நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை வெளிச்சம் வேண்டும் என்பது விதி.

பேட்டரி மிச்சம் என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரேக் லைட் மிதிக்கும்போது மட்டும் எரிவது. அதில் மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறோம்?

மினுமினுவென்று விட்டுவிட்டு எரியும் பல்புகளை நான் அடியோடு எதிர்க்கிறேன். இண்டிகேட்டரா, பிரேக்கா, கடை விளம்பரமா என்று பின்னால் வருகிறவர் யோசிக்க ஆரம்பித்தால், எல்.இ.டி. மிச்சப்படுத்திய 0.2 விநாடியைப் போல் பல மடங்கு போய்விடும்.

ஜெர்மனியில் 2020-ல் ஹெட்லைட்டுக்கு மாற்று எல்.இ.டி. பல்பை அனுமதித்தார்கள். ஆனால் இஷ்டத்துக்கு இல்லை. எந்த மாடல் வண்டிக்கு எந்த பல்பு என்று சோதித்துப் பட்டியல் போட்டு, அந்த வண்டிக்கு மட்டும் அனுமதி. பல்பும் அது உட்காரும் விளக்கும் ஒரு ஜோடி என்பதை அவர்கள் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் யோசனை இதுதான். பழைய வண்டிக்கு நல்ல கம்பெனியின் 21/5 பல்பே போதும். விலை அதிகமில்லை. ஒன்று போனால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மங்கலாக எரிந்தால் பல்பைக் குறை சொல்வதற்கு முன் ஹோல்டரைப் பாருங்கள். மழைத்தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, எர்த் சரியில்லாமல் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தாலே பாதி வியாதி தீரும். சிவப்புக் கண்ணாடி வெளுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். எல்.இ.டி.தான் வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கென்றே கம்பெனி கொடுக்கும் முழு விளக்கு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

எதைப் போட்டாலும் இரண்டு முறை சோதியுங்கள். இருட்டில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை. சாயங்காலம் கோவையிலிருந்து அவினாசி பக்கம் போகும்போது பாருங்கள். மேற்கு வெயில் முன்னால் போகும் வண்டியின் சிவப்புக் கண்ணாடியில் பட்டு, எரியாத விளக்கும் எரிவது போலத் தெரியும். அந்த வெயிலிலும் மிதித்தது தெரிந்தால்தான் அது பிரேக் லைட்.

சோதிக்க ஆள் இல்லையென்றால் ராத்திரியில் ஒரு வெள்ளைச் சுவர் பக்கம் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துங்கள். மிதித்தால் சுவர் சிவக்கும், கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை, டயருக்குக் காற்றுப் பிடிக்கும் நாளில் இதையும் செய்துவிட்டால் மறக்காது. குன்னூர் மலைப்பாதையில் மேகம் இறங்கும்போது நம் பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு நம்மைப் பற்றித் தெரிவது அந்த இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும்தான்.