எவ்வளவு வேகம் போகும் என்று கேட்காதீர்கள். எப்படி நிற்கும் என்று கேளுங்கள்!

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய்வரும் ஆசை இன்று இளைஞர்களிடம் வளர்ந்திருக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறார்கள். கோவையிலிருந்து ஊட்டி மலை ஏறுகிறார்கள். கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களும் உண்டு.

ஆசை தவறல்ல. நாலு ஊர் பார்ப்பது நல்லதுதான்.

ஆனால், வண்டி வாங்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? நிறம் பார்க்கிறோம். சத்தம் கேட்கிறோம். "எவ்வளவு வேகம் போகும்?" என்று விசாரிக்கிறோம். "அவசரத்தில் எப்படி நிற்கும்?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்துக்குப் பலியானவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டில் 17,884 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள்.

இத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது. ஆகவே, பாதுகாப்பு என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. முதல் கேள்வியே அதுதான்.

ஒரு விநாடியில் 22 மீட்டர்!

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் 22 மீட்டர் பாய்கிறது.

திடீரென்று ஓர் ஆடு குறுக்கே வருகிறது. கண் பார்க்க வேண்டும். மனம் உணர வேண்டும். கை பிரேக்கைப் பிடிக்க வேண்டும். இதற்கே ஒரு விநாடி போல் ஆகிவிடும். அதற்குள் 22 மீட்டர் போய்விட்டது! வேகம் குறையத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நாலு மடங்காகும்.

பதற்றத்தில் பிரேக்கை இறுகப் பிடித்தால் என்ன ஆகும்? சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். ஆனால் வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டு ஓடும். முன் சக்கரம் அப்படி வழுக்கினால் ஆளைக் கீழே தள்ளிவிடும். மழையும் மணலும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

இதைத் தடுக்க வந்ததுதான் ஏ.பி.எஸ். என்ற பிரேக் முறை. சக்கரம் சுழலும் வேகத்தை ஒரு கருவி அளந்துகொண்டே இருக்கிறது. சக்கரம் நின்றுவிடப் போகிறது என்று தெரிந்ததும், பிரேக்கைச் சற்றுத் தளர்த்துகிறது. உடனே மறுபடி பிடிக்கிறது. ஒரு விநாடிக்குள் பலமுறை இப்படிச் செய்கிறது. சக்கரம் சுழன்றுகொண்டே வேகம் குறைகிறது. வண்டி நம் கட்டுக்குள் இருக்கிறது.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1988-ம் ஆண்டிலேயே இதை மோட்டார் சைக்கிளில் பொருத்தி விற்றது. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் இது 2019 ஏப்ரல் முதல் கட்டாயம்.

ஒரு சக்கரமா, இரண்டு சக்கரமா?

"சட்டமே இருக்கிறதே, பிறகு என்ன கவலை?" என்று கேட்கலாம்.

முன் சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ். இருந்தாலும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் இருப்பது வேறு. அதற்கு விலை கொஞ்சம் கூடும். அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கத் தயங்காதீர்கள். மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் வண்டிக்கு இரண்டு சக்கரத்துக்கும் காவல் வேண்டும்.

ஆனால், இதை நம்பி வளைவில் பறக்கக் கூடாது. சாய்ந்து திரும்பும்போது சாதாரண ஏ.பி.எஸ். முழுக் காவல் ஆகாது.

கடையில் பார்க்க வேண்டியவை

ஆசனத்தில் உட்கார்ந்து பாருங்கள். கால் தரையில் நன்றாக ஊன்றுகிறதா? பெரிய வண்டிகள் 200 கிலோ வரையும் அதற்கு மேலும் எடை உள்ளவை. நிறுத்தும் இடத்தில் சாய்ந்தால் தாங்க முடிய வேண்டும்.

டயரைப் பாருங்கள். டியூப் இல்லாத டயரில் ஆணி குத்தினால் பெரும்பாலும் காற்று மெல்லத்தான் இறங்கும். ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். டயரின் பக்கத்தில் 4 எண்கள் இருக்கும். 1024 என்றால், 2024-ம் ஆண்டின் 10-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பழைய வண்டி வாங்குவோர் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

பின்னால் உட்காருபவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். கைப்பிடி, கால் வைக்கும் இடம், சேலை சக்கரத்தில் சிக்காமல் காக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அழகு கெடுகிறது என்று சிலர் தடுப்பைக் கழற்றிவிடுகிறார்கள். இது அழகா? ஒரு பெண்ணின் உயிரோடு விளையாட்டு!

தலைக்கவசம் இரண்டு வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது சட்டம். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால், குழந்தைக்கும் தலைக்கவசம் வேண்டும். ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் உள்ள விதி இது.

யார் பொறுப்பு?

வண்டி செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு வார்த்தை. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யும் வண்டியில் நல்ல பிரேக்கைத் தனி விலைக்கு விற்கலாமா? உயிர்க் காவல் எல்லா வண்டியிலும் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பணம் கொடுப்பவர் நீங்கள். "வண்டி உன் விருப்பம், பிரேக்கும் தலைக்கவசமும் என் விருப்பம்" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வாங்குவோர் கேட்டால்தான் விற்போர் மாறுவார்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். அந்த அணையைப் போடும் இடம் சாலை அல்ல. வண்டி விற்கும் கடை!